சைக்கிள் எஞ்சின் கிட்: ஸ்டார்ட் ஆகாத ஒன்பது நாட்கள்

சாதாரண சைக்கிளின் ஃப்ரேமில் பொருத்திக்கொள்ளும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் கிட் ஒன்றை எட்டு மாதங்களுக்கு முன் வாங்கினேன். பொருத்தி முடிக்க இரண்டு நாட்கள் போதுமானதாக இருந்தன. ஆனால் அதன் பிறகு ஒன்பது நாட்கள், எவ்வளவு மிதித்தும், அந்த எஞ்சின் ஒருமுறைகூட நிலைத்து ஓடவில்லை. இன்று அதே எஞ்சின், அதே சிலிண்டர், அதே பிஸ்டனோடு தினமும் ஓடுகிறது. இடைப்பட்ட நாட்களில் கற்றுக்கொண்டதைச் சொல்லாமல் வேகத்தையும் மைலேஜையும் மட்டும் எழுதினால் இந்தக் கிட்டைப் பற்றிய மதிப்பீடு முழுமையாகாது. இதை வாங்கிக் கைவிட்டவர்களிடம் நான் கேட்ட காரணம் பெரும்பாலும் ஒன்றுதான், ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்பது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எஞ்சின் நல்ல வார்ப்பு, நல்ல வடிவமைப்பு, அதைச் சுற்றிப் பெட்டியில் போட்டுத் தரும் சில்லறைப் பாகங்கள் தரமற்றவை, எஞ்சின் ஓடாததற்குக் காரணம் அநேகமாக அவற்றில்தான் இருக்கிறது.

சைக்கிளில் எஞ்சின் பொருத்துவது புதிய எண்ணம் அல்ல. போருக்குப் பின் 1946இல் சோய்ச்சிரோ ஹோண்டா, ராணுவ வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் தந்துகொண்டிருந்த உபரி எஞ்சின்களை வாங்கிச் சைக்கிள்களில் பொருத்தி விற்றதில்தான் அவருடைய இருசக்கர வாகனத் தொழில் தொடங்கியது. இப்போது கிடைக்கும் கிட்டும் அதே எளிமையான கொள்கையில்தான் இயங்குகிறது. வால்வு இல்லை, ஆயில் பம்ப் இல்லை, பேட்டரி இல்லை. நகரும் பாகங்கள் மிகக் குறைவு. பழுது பார்க்கப் பழகுபவருக்கு இதைவிட நல்ல எஞ்சின் கிடைப்பது கடினம் என்று மனமார நம்புகிறேன்.

பெட்டியின் மேல் 80 சிசி என்று அச்சிட்டிருந்தது. சிலிண்டரின் உள்விட்டத்தை அளந்தேன், 47 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம் 38 மில்லிமீட்டர். கணக்கிட்டால் கொள்ளளவு ஏறத்தாழ 66 சிசிதான் வரும். இதன் சிறிய உடன்பிறப்பான 40 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள எஞ்சின் 48 சிசி. ரிங், கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போன்றவற்றை வாங்கும்போது பெட்டியில் உள்ள எண்ணை நம்பாமல் விட்டத்தை அளந்து சொல்வது நல்லது. பெயரளவு எண்ணை நம்பி நான் வாங்கிய ஹெட் கேஸ்கெட் பொருந்தாமல் வீணாகக் கிடக்கிறது.

இந்த எஞ்சினுக்குக் கிக்கர் கிடையாது, செல்ஃப் கிடையாது. கிளட்ச் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை மிதித்து வேகம் எடுத்து, பிறகு கிளட்சை விட வேண்டும். பின்சக்கரம் சங்கிலி வழியாக எஞ்சினைச் சுழற்றும், அது பற்றிக்கொள்ளும். ஆகவே ஸ்டார்ட் ஆகவில்லை என்று சொல்வதற்கு முன், எஞ்சின் உண்மையிலேயே சுழல்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். கிளட்சை விட்டதும் ‘புஸ் புஸ்’ என்ற ஓசையோடு சைக்கிள் கனத்துப் போனால் எஞ்சின் சுழல்கிறது என்று பொருள். கனமே தெரியாமல் சைக்கிள் எளிதாக ஓடினால் கிளட்ச் பிடிக்கவில்லை. கேபிள் அளவுக்கு மீறி இழுபட்டிருப்பதுதான் பொதுவான காரணம். கைப்பிடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். என் எஞ்சின் நன்றாகவே சுழன்றது, ஆகையால் இந்தப் பகுதியை விரைவில் கடந்துவிட்டேன்.

அதற்கு அடுத்துத்தான் நான் தவறினேன். எஞ்சின் பற்றவில்லை என்றதும் கார்புரேட்டரைச் சந்தேகித்தேன். மூன்று நாட்கள், மூன்று முறை அதைக் கழற்றி ஜெட்டை ஊதி, மிதவையைச் சரிபார்த்து, ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலும் ஒரு பள்ளம் கீழும் மாற்றிப் போட்டேன். அனுபவமுள்ள மெக்கானிக் எவரும் இப்படித் தொடங்க மாட்டார். அவர் கேட்கும் முதல் கேள்வி, ‘பிளக்கில் கரண்ட் வருகிறதா, பெட்ரோல் வருகிறதா?’ என்பதுதான். இந்த இரண்டில் எது இல்லை என்பதை, பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். பத்துப் பதினைந்து முறை எஞ்சினைச் சுழற்றிய பிறகு முனை ஈரமாக, பெட்ரோல் வாசனையோடு இருந்தால் எரிபொருள் சிலிண்டர் வரை வந்துவிட்டது. ஸ்பார்க் எனப்படும் பொறிதான் இல்லை, அல்லது பலவீனமாக இருக்கிறது. உலர்ந்திருந்தால் பெட்ரோல் வழியில் தேட வேண்டும். என் பிளக் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. அதை முதல் நாளே பார்த்திருந்தால் கார்புரேட்டரின் பக்கமே போயிருக்க மாட்டேன்.

பொறியைச் சோதிக்கும் முறை எளிது, ஆனால் கவனம் தேவை. பெட்ரோல் டேப்பை மூடி, பிளக்கைக் கழற்றி மீண்டும் அதன் ஒயர் முனையிலுள்ள கேப்பில் மாட்டி, அதன் உலோக உடல் சிலிண்டர் ஹெட்டை உறுதியாகத் தொடும்படி, பிளக் துளையிலிருந்து முடிந்தவரை தள்ளி வைக்க வேண்டும். அந்தத் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சி வெளிவரும். அருகில் பொறி பறந்தால் தீப்பிடிக்கும். துளையைத் துணியால் அடைத்துவிட்டு, பின்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி நிறுத்தி, பெடலை வேகமாகச் சுற்ற வேண்டும். பிளக்கைக் கையால் பிடிக்கக் கூடாது, பிளக் உடல் எங்கும் தொடாமல் அந்தரத்தில் தொங்கவும் விடக் கூடாது. பொறி பாய வழியில்லாமல் போனால், பொறிக்கான மின்சாரத்தைப் பிளக்குக்கு அனுப்பும் சிடிஐ பெட்டிக்கே கேடு. மங்கலான இடத்தில் பார்த்தால், நல்ல பொறி நீல வெண்மையாகச் சட்டென்ற ஓசையோடு பாயும். ஆரஞ்சு நிறத்தில் மெலிந்து தெரிந்தால் நம்ப வேண்டாம். திறந்த காற்றில் பாயும் பொறி, சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறிய நிலையில் பாயாமல் போவது உண்டு. என் பிளக்கில் எந்த நிறத்திலும் எதுவும் பாயவில்லை.

எஞ்சினின் மின் அமைப்பு மிகச் சிறியது. பிஸ்டனின் அசைவால் சுழலும் கிராங்க் தண்டின் முனையில் ஒரு காந்தம் சுழல்கிறது, அதைச் சுற்றி ஒரு காயில், அதிலிருந்து நீலம், கருப்பு, வெள்ளை என மூன்று ஒயர்கள். நீலமும் கருப்பும் சிடிஐ பெட்டியின் அதே நிற ஒயர்களுக்குச் செல்லும். வெள்ளை விளக்குக்கானது, அதை எதனுடனும் இணைக்காமல் முனையைத் தனியாக டேப் சுற்றி விட்டுவிடுவதே நல்லது, ஏனெனில் அதில் மின்சாரம் எடுத்தால் பொறி பலவீனப்படும். ஆக்சிலரேட்டர் கைப்பிடியில் உள்ள கில் சுவிட்ச் நீலத்தையும் கருப்பையும் ஒன்றோடொன்று தொடவைத்து எஞ்சினை நிறுத்துகிறது. அதாவது, அந்தச் சுவிட்ச் பழுதாகி எப்போதும் தொட்ட நிலையிலேயே இருந்தால் எஞ்சின் ஒருநாளும் ஓடாது. குறிப்புத் தாளில் இந்த ஒரு வரி இருந்திருக்க வேண்டும், இல்லை.

ஐந்தாம் நாள் மல்டிமீட்டர் வாங்கினேன். காயிலின் நீல, கருப்பு ஒயர்களை எல்லா இணைப்பிலிருந்தும் பிரித்து அளந்தபோது 300 ஓமுக்குச் சற்று மேல் காட்டியது. ஆரோக்கியமான காயில் 300 முதல் 400 ஓம் வரை காட்டும். பூஜ்யம் என்றால் உள்ளே ஷார்ட், எண்ணே வராவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. காயில் நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததும் கில் சுவிட்சின் இரு ஒயர்களை அளந்தேன். பொத்தானை அழுத்தாமலேயே பூஜ்யம். கைப்பிடியைத் திறந்து பார்த்தால், சுவிட்சின் இரு முனைகளுக்கும் இடையில் ஈயம் வழிந்து உறைந்திருந்தது. தொழிற்சாலையில் பற்றவைத்தபோது வழிந்த ஒரு துளி; அது ஐந்து நாட்கள் என்னைச் சாலையில் மிதிக்க வைத்தது. ஆகவே இந்தக் கிட்டை வாங்குபவர்களிடம் நான் வலியுறுத்துவது, பொறி இல்லை என்று தெரிந்த உடனே வேறு எதையும் தொடாமல் கில் சுவிட்ச் ஒயர்கள் இரண்டையும் கழற்றிவிட்டு மீண்டும் சோதியுங்கள் என்பதைத்தான். பத்து வினாடி வேலை. பொறி வந்துவிட்டால் குற்றவாளி கிடைத்துவிட்டார்.

இணைப்பு முனைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிட்டுடன் வரும் சொருகு முனைகள் மெல்லிய தகட்டால் ஆனவை, ஒயருடன் அழுத்தி மட்டும் வைக்கப்பட்டவை. லேசாக இழுத்தாலே கையோடு வந்துவிடுகின்றன. இந்த எஞ்சின் ஓடும்போது எழும் அதிர்வுக்கு அவை ஒரு மாதம்கூடத் தாங்காது. அவற்றை வெட்டியெறிந்துவிட்டு ஒயர்களை முறுக்கி ஈயம் வைத்துப் பற்றவைத்து, வெப்பத்தில் சுருங்கும் உறை போட்டேன். அதன் பிறகு மின் இணைப்பால் தொல்லை வரவில்லை. பிளக் கேப்பும் அப்படித்தான். அதன் உள்ளே இருக்கும் திருகு கேபிளின் நடுக்கம்பியில் சரியாக ஏறாமல் இருந்தது. கேப்பைத் திருகிக் கழற்றி, கேபிளின் முனையை அரை சென்டிமீட்டர் வெட்டிப் புதிய கம்பி தெரியும்படி செய்து மீண்டும் இறுகத் திருகினேன். கிட்டுடன் வந்த பிளக்கை மாற்றி என்ஜிகே பி6எச்எஸ் போட்டேன். இதன் திருகு 14 மில்லிமீட்டர், இந்த ஹெட்டுக்கு அப்படியே பொருந்துகிறது. முனை இடைவெளியை 0.6 மில்லிமீட்டருக்கு வைத்தேன். பழைய பிளக்கின் பொறியையும் புதியதன் பொறியையும் அடுத்தடுத்துப் பார்த்தவர் யாரும் மீண்டும் பழையதைப் போட மாட்டார்.

பொறி வந்தது. எஞ்சின் வரவில்லை. இந்த இடத்தில்தான் பலர் மனம் உடைந்து விடுகிறார்கள் என்று நினைக்கிறேன், நானும் உடைந்தேன். ஒரு பழுதைக் கண்டுபிடித்துச் சரி செய்த பிறகும் எதுவும் மாறாதபோது, கண்டுபிடித்தது தவறோ என்ற ஐயம் எழுகிறது; சரி செய்ததையே மீண்டும் கலைக்கத் தோன்றுகிறது. உண்மையில் என் எஞ்சினில் ஒரே நேரத்தில் இரண்டு பழுதுகள் இருந்தன. முதலாவது போன பிறகுதான் இரண்டாவது தன் முகத்தைக் காட்டியது: கார்புரேட்டருக்குள் வரும் காற்றைக் குறைக்கும் சோக்கை முழுவதும் மூடி மிதித்தால் நான்கைந்து முறை வெடிக்கும், சோக்கைத் திறந்த உடனே அணைந்துவிடும். முன்பு ஒன்றுமே இல்லாத இடத்தில் இப்போது வெடிப்பாவது வந்திருக்கிறது என்பதை முன்னேற்றமாக எண்ணிக்கொள்ள எனக்கு ஒரு நாள் பிடித்தது.

சோக்கில் மட்டும் உயிரோடிருக்கும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எங்கோ கூடுதல் காற்றை உறிஞ்சுகிறது என்று பொருள், அல்லது பெட்ரோல் போதவில்லை. இந்த வகை எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை நேராகச் சிலிண்டருக்குப் போவதில்லை. பிஸ்டன் மேலே ஏறும்போது கீழே உள்ள கிராங்க் அறைக்குள் உறிஞ்சப்பட்டு, இறங்கும்போது அழுத்தப்பட்டு, பக்கத் துளைகள் வழியாக மேலே செல்கிறது. ஆகவே கார்புரேட்டருக்கும் கிராங்க் அறைக்கும் இடையில் எங்கு மயிரிழை அளவு பிளவு இருந்தாலும் பெட்ரோல் கலக்காத வெறுங்காற்று புகுந்து கலவை மெலிந்து போகும். என் கிட்டில் அந்தப் பிளவு இரண்டு இடங்களில் இருந்தது. கார்புரேட்டர் மாட்டும் குழாய்க்கும் சிலிண்டருக்கும் இடையிலான காகிதக் கேஸ்கெட் மெல்லியதாக, ஓரம் கிழிந்து இருந்தது. குழாயின் தட்டையான முகமோ தட்டையாகவே இல்லை. அந்த முகத்தைக் கண்ணாடிப் பலகையில் உப்புத்தாள் விரித்துத் தேய்த்துச் சமன் செய்து, தடிமனான கேஸ்கெட் வெட்டிப் போட்டேன். அடுத்தது கார்புரேட்டரே. அது குழாயின் மேல் முழுவதும் ஏறி உட்காராமல், பாதி தூரத்திலேயே கிளாம்ப் இறுக்கப்பட்டிருந்தது. கார்புரேட்டரின் வாயில் உள்ள வெட்டுப் பள்ளத்தின் நுனி வெளியே தெரிந்தால் அதன் வழியே காற்று புகும். உள்ளே ஒரு பெட்ரோல் தாங்கும் ரப்பர் வளையம் வைத்து, முழுவதும் அழுத்தி ஏற்றி இறுக்கினேன். சாதாரண சிலிகான் பசையை இங்கே பூசக் கூடாது. பெட்ரோலில் ஊறி வீங்கி உரிந்துவிடும்.

கார்புரேட்டரைக் கழற்றி மாட்டும் பழக்கம் என்னைப் போல் ஏற்பட்டுவிட்டவர்களுக்கு மற்றொரு செய்தி. உள்ளே ஏறி இறங்கும் ஸ்லைடின் ஒரு பக்கம் சரிவாக வெட்டப்பட்டிருக்கும். அந்தச் சரிவு ஏர் ஃபில்ட்டர் பக்கம் நோக்க வேண்டும். திருப்பி மாட்டினால் எஞ்சின் ஐட்லிங்கில் நிலையாக ஓடாது. சோக் நெம்புகோலும் கவனத்துக்குரியது: மேலே தூக்கினால் காற்று மூடும், கீழே இறக்கினால் திறக்கும். குறிப்புத் தாளின் படத்தில் எந்த நிலை எது என்றே தெரியவில்லை.

ஒன்பதாம் நாள் மாலை, இரண்டாவது மிதியில் பற்றியது. அதன் ஓசையைக் கேட்டபோது வந்த நிம்மதியை இங்கே விவரிக்கத் தேவையில்லை. சோக்கைத் திறந்தேன், அணையவில்லை.

பெட்ரோல் வழியில் ஏற்படும் தடையை நான் பின்னர், நான்காம் மாதத்தில் சந்தித்தேன். இருபது நிமிடம் ஓடி அணைந்துவிடும், சிறிது நேரம் நிறுத்தி வைத்தால் மீண்டும் ஓடும். பிளக் இம்முறை உலர்ந்திருந்தது. டேங்க் மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனது. மூடியில் இருக்க வேண்டிய நுண்துளை பெயிண்டால் அடைபட்டிருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க டேங்க்குக்குள் வெற்றிடம் உருவாகி, புவியீர்ப்பை மட்டும் நம்பி இறங்கும் பெட்ரோலைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. ஊசியால் துளையைத் திறந்ததோடு சரியானது. அப்படியே டேப்பைக் கழற்றிப் பார்த்தபோது அதன் சல்லடையிலும் பெயிண்ட் செதில்கள். புதிய டேங்க்கை மாட்டும் முன் சிறிது பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி வடித்துவிடுவது இந்தத் தொல்லையைத் தவிர்க்கும்.

கலவை விகிதத்தைப் பொறுத்தவரை, ஓடப் பழகும் காலத்தில் 16 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு டூ ஸ்ட்ரோக் ஆயில், பிறகு 20க்கு 1 என்று தாள் சொல்கிறது. அதாவது ஒரு லிட்டருக்கு முதலில் 62 மில்லிலிட்டர், பிறகு 50. நான் அதையே பின்பற்றுகிறேன். ஆயில் அதிகமான கலவை பிளக்கில் கரி படியச் செய்யும் என்பதால், முதல் சில டேங்க் தீரும் வரை பிளக்கை வாரம் ஒருமுறை துடைத்தேன். மாதக்கணக்கில் நின்ற பெட்ரோலில் ஸ்டார்ட் செய்ய முயலாதீர்கள். எளிதில் ஆவியாகும் பகுதிதான் குளிர்ந்த எஞ்சினைப் பற்றவைக்கிறது, நின்ற பெட்ரோலில் முதலில் போய்விடுவது அந்தப் பகுதிதான்.

சோக்கையும், கார்புரேட்டரில் பெட்ரோலை முன்கூட்டியே நிரப்பும் பிரைமர் பொத்தானையும் அதிகம் பயன்படுத்தி எஞ்சினை ஓவர்ஃப்ளோ செய்துவிட்டால், மேலும் மேலும் மிதிப்பதில் பயனில்லை. டேப்பை மூடி, கில் சுவிட்சை அழுத்திய நிலையில் வைத்து, பிளக்கைக் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுவதும் முறுக்கிப் பத்துப் பன்னிரண்டு சுற்றுகள் சுழற்றினால் கிராங்க் அறையில் தேங்கியது வெளியேறிவிடும்.

விற்பனையாளரின் சேவை எனக்குத் திருப்தி தரவில்லை. எழுதிக் கேட்டபோது, எதையும் விசாரிக்காமல் புதிய சிடிஐ பெட்டி ஒன்றை அனுப்பி வைத்தார்கள். அது வந்து சேர்ந்த நாளில் எஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. பாகத்தை இலவசமாகத் தந்ததைப் பாராட்டுகிறேன்; ஆனால் ‘கில் சுவிட்சைக் கழற்றிப் பார்த்தீர்களா’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்தப் பாகத்துக்கே தேவை இருந்திருக்காது.

எட்டு மாதங்களில் எஞ்சினின் உட்பகுதியில் நான் கை வைக்கவில்லை. ஹெட் நட்டுகளை மட்டும் முதல் சில ஓட்டங்களுக்குப் பின், எஞ்சின் நன்றாக ஆறியதும், குறுக்கு முறையில் மீண்டும் இறுக்கினேன்; அவை உண்மையிலேயே தளர்ந்திருந்தன, விட்டிருந்தால் அழுத்தம் கசிந்து மீண்டும் ஸ்டார்ட் ஆகாத நிலைக்கே வந்திருக்கும். இப்போது குளிர்ந்த எஞ்சின் இரண்டு மூன்று மிதியில் பற்றுகிறது, சூடான எஞ்சின் கிளட்சை விட்ட கணமே பற்றுகிறது.

ஸ்பேனரும் மல்டிமீட்டரும் ஈயம் பற்றவைக்கும் கருவியும் கையில் இருந்து, ஒரு வார இறுதியைச் செலவிட மனமும் இருப்பவருக்கு இந்தக் கிட்டைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். கிட்டோடு சேர்த்து நல்ல பிளக், பிளக் கேப், பெட்ரோல் தாங்கும் டியூப், கேஸ்கெட் தாள், தனிக் கில் சுவிட்ச் ஆகியவற்றையும் வாங்கிவிட்டே வேலையைத் தொடங்குங்கள். சைக்கிளின் பிரேக் இரண்டும் நல்ல நிலையில் இருக்கிறதா என்பதையும், உங்கள் பகுதியில் இத்தகைய வண்டிக்குப் பதிவும் உரிமமும் வேண்டுமா என்பதையும் வாங்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் திறந்து மாட்டி அன்றே வேலைக்குப் போக வேண்டும் என்று எண்ணுபவர்கள் இதை வாங்க வேண்டாம்.